பழைய மான்டே பெல்லோ பாட்டிலை மண்டி கலங்காமல் திறப்பது எப்படி

எங்கள் பத்தாவது திருமண நாளுக்கென்று எடுத்துவைத்திருந்த 1994 மான்டே பெல்லோவை, அதாவது கலிபோர்னியாவின் ரிட்ஜ் தோட்டத்துச் சிவப்பு ஒயினை, திறக்கும்போது கார்க் பாதியில் முறிந்துவிட்டது. மேல்பாதி திருகியோடு வந்தது. கீழ்பாதி பாட்டில் கழுத்திலேயே நின்றது, காபியில் நனைத்த ரஸ்க் மாதிரி, தொட்டால் உதிர்கிற நிலையில். அன்றைக்கு எப்படியோ சமாளித்தோம். அதற்குப் பிறகு இரண்டு பழைய பாட்டில்களை ஒரு துணுக்கு கார்க்கும் விழாமல், மண்டியும் கலங்காமல் திறந்துவிட்டேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ரெட் எது, ஒயிட் எது, கோப்பையை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் இதில் வராது.

கலிபோர்னியாவில் குபர்டினோ பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்க் குரல் கேட்காமல் மளிகை வாங்க முடியாத ஊர் அது. அந்த ஊருக்கு மேற்கே தெரிகிற மலையின் மேல்தான் ரிட்ஜ் ஒயின் தோட்டம் இருக்கிறது. நான் ஆறு வருடம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனேன், மேலே என்ன இருக்கிறது என்று தெரியாமலே. வளைந்து வளைந்து போகும் மான்டே பெல்லோ சாலையில் ஏறினால் பள்ளத்தாக்கும் வளைகுடாவும் காலடியில் விரிகின்றன. போவதற்கு முன் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

படி 1: லேபிளைப் படியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். கையில் இருப்பது எந்த வருடத்து, எந்தத் தோட்டத்து ஒயின் என்று தெரிந்தால்தான் அடுத்த படிகளை முடிவு செய்ய முடியும்.

ரிட்ஜ் லேபிள் நிறைய பேசும். எந்தத் திராட்சை எத்தனை விழுக்காடு என்று முன்பக்கத்திலேயே இருக்கும். மான்டே பெல்லோ என்றால் பெரும்பங்கு கேபர்னே சாவிக்னான். அதோடு மெர்லோ, பெட்டி வெர்டோ, கேபர்னே ஃபிராங்க் அந்தந்த வருடத்துக்கு ஏற்ற அளவில் சேரும். பாத்தி பாத்தியாகத் தனித்தனியே நொதிக்கவைத்து, எது எந்தப் பாத்தி என்று மறைத்து ருசித்துப் பார்த்துத்தான் கலவையை முடிவு செய்கிறார்கள். அதே மலையில் விளைந்து, சீக்கிரமே குடிக்கத் தோதாக இருக்கும் பகுதிகள் 'எஸ்டேட் கேபர்னே சாவிக்னான்' என்ற பெயரில் வெளிவரும். விலையும் அதற்குக் குறைவு. முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கெய்சர்வில் என்று எழுதியிருந்தால் அது இந்த மலை இல்லை, வடக்கே சோனோமா மாவட்டம். நூறு வயது தாண்டிய கொடிகளும் உள்ள தோட்டம் அது. ஜின்ஃபண்டெல், கேரிஞான், பெட்டீட் சிரா எல்லாம் ஒரே நிலத்தில் கலந்து நிற்கும். அமெரிக்கச் சட்டப்படி ஒரு திராட்சையின் பெயரை ஒயினுக்குச் சூட்ட வேண்டுமானால் அது 75 விழுக்காடாவது இருக்க வேண்டும். கெய்சர்வில்லில் ஜின்ஃபண்டெல் பெரும்பாலும் அந்த அளவை எட்டாததால் ஊர்ப் பெயரே ஒயினின் பெயராகிவிட்டது.

2011 விளைச்சலிலிருந்து சேர்மானப் பட்டியலையும் லேபிளில் போடுகிறார்கள். கையால் பறித்த திராட்சை, தோட்டத்திலேயே இருக்கும் ஈஸ்ட், பீப்பாயில் இருந்து ஏறும் ஓக் மரச் சாரம், தேவையான அளவுக்கு மட்டும் கந்தக டை ஆக்சைடு என்று போகும் அந்தப் பட்டியல். அமெரிக்காவில் சட்டம் இதைக் கேட்பதில்லை, அவர்களாகவே எழுதுகிறார்கள். ரவை பாக்கெட்டில் கூட என்ன சேர்த்திருக்கிறது என்று பார்த்து வாங்குகிற எனக்கு இந்தத் தோட்டத்தின் மேல் மரியாதை வந்ததே இந்த ஒரு காரியத்தால்தான்.

வரலாற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாட்டிலுக்குள் ஏன் இத்தனை மண்டி என்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

1885இல் ஓசியா பெரோன் என்ற மருத்துவர், சான் ஃபிரான்சிஸ்கோவின் இத்தாலியச் சமூகத்தில் முக்கியமானவர், மலை உச்சிக்கு அருகே 180 ஏக்கர் வாங்கினார். சரிவை அடுக்கடுக்காக வெட்டிக் கொடி நட்டார். மலையைக் குடைந்தாற்போல ஒயின் ஆலை கட்டினார். மான்டே பெல்லோ என்ற பெயரில் முதல் விளைச்சல் 1892இல். அப்புறம் 1920இல் மதுவிலக்கு வந்தது, 1933 வரை நீடித்தது. அது போன பிறகும் மலை எழுந்திருக்கவில்லை. தோட்டம் புதர் மண்டிப் போனது.

1940களில் வில்லியம் ஷார்ட் என்ற இறையியலாளர், பெரோனின் நிலத்துக்குச் சற்றுக் கீழே கைவிடப்பட்டிருந்த தோட்டத்தை வாங்கி, சில பாத்திகளில் மறுபடி கேபர்னே நட்டார். 1959இல் அது நான்கு நண்பர்கள் கைக்கு வந்தது. டேவ் பென்னியனும் அவருடைய மூன்று சகாக்களும் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் பொறியாளர்கள். அவர்களில் ஒருவரான சார்லஸ் ரோசன்தான் ஷேக்கி என்ற ரோபோவை உருவாக்கிய செயற்கை அறிவுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். வாரநாளில் ஆராய்ச்சி, வார இறுதியில் குடும்பத்தோடு மலையேறித் தோட்ட வேலை. முதல் வருடம் அவர்கள் எடுத்த ஒயின் கால் பீப்பாய். பத்து வயதுக் கொடிகளிலிருந்து வந்த அந்தக் கால் பீப்பாயின் தரத்தைப் பார்த்துத்தான் 1962இல் ஆலைக்கு மறுபடி உரிமம் எடுத்தார்கள்.

1969இல் பால் டிரேப்பர் சேர்ந்தார். ஸ்டான்ஃபோர்டில் தத்துவம் படித்தவர், ஒயின் படிப்பு என்று எதுவும் படிக்கவில்லை. பழைய கால முறைகளை நம்பினார். வெளி ஈஸ்ட் போடாமல், ரொம்பக் கை வைக்காமல், திராட்சையை அதன் போக்கில் விடுவது. பிரான்ஸின் போர்டோ பாணி ஒயின் என்றால் பிரெஞ்சு ஓக் பீப்பாய் என்று எல்லோரும் போனபோது, இவர் பெரும்பாலும் அமெரிக்க ஓக்கிலேயே நின்றார். 2016இல் ஓய்வு பெறும் வரை அப்படித்தான். 1986இல் தோட்டம் ஜப்பானின் ஒட்சுகா நிறுவனத்திடம் போன பிறகும் முறை மாறவில்லை.

1976இல் பாரிஸில் ஒயின் வியாபாரி ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய புகழ்பெற்ற மறைவு ருசிப் போட்டியில் 1971 மான்டே பெல்லோ ஐந்தாவதாக வந்தது. முப்பது வருடம் கழித்து, 2006இல், அதே ஒயின்களை லண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில் மறுபடி ருசித்தபோது முதலிடம் அந்த 1971க்குத்தான். இளமையில் பின்னால் நின்றது, முப்பத்தைந்து வயதில் முன்னால் வந்தது. பச்சைக் கல் கலந்த களிமண், அடியில் சுண்ணாம்புக்கல், 1300 முதல் 2700 அடி உயரம், கடல் பக்கத்துக் குளிர். இதெல்லாம் சேர்ந்து புளிப்பும் துவர்ப்பும் திடமான பழத்தைத் தருகிறது. அந்தத் துவர்ப்பும் நிறமும்தான் வருடங்கள் போகப் போக ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, மண்டியாக அடியில் இறங்குகின்றன. ஆகவே மண்டியைக் கண்டு பயப்படாதீர்கள். கோப்பைக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

படி 2: நிமிர்த்தி வையுங்கள்

பத்து வருடத்துக்கு மேற்பட்ட பாட்டில் என்றால் இரண்டு நாள் முன்னதாகவே படுக்கவைத்த நிலையிலிருந்து எடுத்து நேராக நிறுத்துங்கள். இருபது தாண்டியது என்றால் நான் நான்கு நாள் விடுகிறேன். இருட்டு, குளிர்ச்சி, அசைவில்லாத இடம். குளிர்பதனப் பெட்டியின் கதவு வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் ஆடும்.

படி 3: கார்க்

நான் தடுக்கிய இடம் இதுதான். சாதாரணத் திருகியின் நடுக்கம்பி பழைய கார்க்கின் நடுவில் மட்டும்தான் பிடிக்கும். ஓரம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் நடு மட்டும் பிய்ந்து வரும்.

இதற்கு ஆ-சோ என்ற கருவி வாங்குங்கள். திருகு கிடையாது, ஒரு பிடியும் இரண்டு மெல்லிய தகடுகளும்தான். விலை குறைவு. செய்யும் விதம்:

பாட்டில் வாயை மூடியிருக்கும் மேலுறையை, அதாவது ஃபாயிலை, முழுவதும் கழற்றிவிடுங்கள். கழுத்தை ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு தகடு மற்றதைவிடச் சற்று நீளமாக இருக்கும். அதை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்துவிடுங்கள். பிறகு குட்டையானதை எதிர்ப்பக்கத்தில். இப்போது கீழே அமுக்கக் கூடாது. பிடியை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருங்கள், தகடுகள் தாமாக இறங்கும். பிடி கார்க்கைத் தொட்டதும், திருப்பிக்கொண்டே மேலே இழுங்கள். கார்க் முழுசாக, சத்தமில்லாமல் வெளியே வரும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. கார்க் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் தகடு நுழையும்போது உள்ளே போய்விடும். விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், அசைந்தால் ஆ-சோ மட்டும் போதாது. டுராண்ட் என்ற கருவியில் திருகும் தகடுகளும் சேர்ந்தே இருக்கும். விலை அதிகம்தான், ஆனால் வருடத்துக்கு நான்கு பழைய பாட்டில் திறக்கிறவர் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். இரண்டு பக்கக் கையை அமுக்கித் தூக்கும் பெரிய திருகியை மட்டும் பழைய பாட்டில் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

முறிந்தே போனால்? அன்றைக்கு நான் மறுபடி திருகியை நடுவில் விட்டு இன்னும் உதிர்த்தேன். திருகியைச் சாய்வாக, கண்ணாடிப் பக்கம் அழுத்தினாற்போல இறக்கியிருக்க வேண்டும். கடைசியில் என் மனைவிதான், "ஏங்க, விடுங்க, உள்ளேயே தள்ளிட்டு வடிகட்டிக்கலாம்" என்றாள். அதுவும் சரியான வழிதான். ஆனால் நாங்கள் எடுத்தது வீட்டு டீ வடிகட்டி. எவ்வளவு கழுவினாலும் அதில் ஏலக்காய் வாசம் இருக்கிறது என்பது முதல் கோப்பையிலேயே தெரிந்தது. ஒயினுக்கென்று ஒரு நுண்கண் எஃகு வடிகட்டியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: இறுத்தல்

ரசம் தெளிவாக இறுக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த வேலை. மண்டியைக் கலக்காமல் மேல் தெளிவை மட்டும் எடுப்பது. பாட்டில் கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தியோ கைப்பேசி வெளிச்சமோ வையுங்கள். குடுவையில் ஒரே சீராக, நிறுத்தாமல் ஊற்றுங்கள். நடுவில் நிறுத்தி பாட்டிலை நிமிர்த்தினால் எல்லாம் கலங்கிவிடும்.

முக்கால்வாசிக்கு மேல் போனதும் கழுத்தையே பாருங்கள். முதலில் சிவப்பு கண்ணாடி போல ஓடும். பிறகு ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லிய ஒரு இழை கழுத்துக்குள் வளைந்து வரும். அந்த இழை தெரிந்த கணத்தில் நிறுத்துங்கள். இரண்டு விரற்கடை ஒயின் பாட்டிலிலேயே நிற்கும், அதை விட்டுவிடுங்கள்.

இளைய மான்டே பெல்லோவை ஊற்றிவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் காற்றாட விடலாம். இருபது வயது தாண்டியதை அப்படி விடாதீர்கள், அரை மணிக்குள் குடிக்கத் தொடங்குங்கள். வாசம் இருக்கும்போதே அனுபவிக்க வேண்டியது அது. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி என் கருத்து: மிளகாய்க் காரமும் புளியும் இதற்கு ஒத்துவராது. துவர்ப்பு நாக்கில் எரிச்சலாகிவிடும். மிளகு போட்டு, நெய்யில் மெதுவாகச் சுருள வதக்கிய மட்டன் பொருத்தம். பிரியாணிதான் வேண்டும் என்றால் இதே தோட்டக்காரர்களின் லிட்டன் ஸ்பிரிங்ஸை எடுங்கள், ஜின்ஃபண்டெலின் பழச்சுவை மசாலாவோடு நன்றாகப் போகும்.

பின்சேர்க்கை 1: ஒயினில் முட்டை சேருமா என்று முட்டை சாப்பிடாத ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் எழுதியிருக்க வேண்டும். துவர்ப்பைத் தணிக்க முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது பழைய வழக்கம், ரிட்ஜிலும் சில ஒயின்களுக்குச் சேர்ப்பதுண்டு. சேர்மானப் பட்டியல் உள்ள பாட்டில் என்றால் அதில் பார்த்து முடிவு செய்யுங்கள். 2011க்கு முந்தைய பாட்டிலில் அந்தப் பட்டியல் இருக்காது.

பின்சேர்க்கை 2: மலையிலிருந்து வாங்கிவந்த பழைய பாட்டிலை அன்று இரவே திறந்து, கலங்கலாக வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சாலையின் வளைவுகளில் ஒரு குலுக்கல் போதும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் படுக்கப் போட்டு, பிறகு படி 2.

பின்சேர்க்கை 3: எல்லாம் சரியாகச் செய்தும் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வருகிறதா? அது கார்க்கில் இருந்த குறை. காற்றாட விட்டாலும் போகாது, வடிகட்டினாலும் போகாது. உடல்நலத்துக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சுவை செத்துப்போயிருக்கும். மீதியைக் கொட்டாமல் கார்க்கோடு சேர்த்து வாங்கிய இடத்துக்கே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.