பழைய பிஎச்பி பதிப்பில் புதிய கிளாஸ் வசதிகளைக் கையாளும் முறை

பிஎச்பி மொழியின் 8.1 பதிப்பில் (2021) அறிமுகமான ரீட்ஒன்லி பண்பு (ஒருமுறை மதிப்பளித்தபின் மாற்ற முடியாதது) உள்ள ஒரு கிளாஸை 8.0 நிறுவப்பட்ட சர்வரில் இயக்கினால், பிழைச் செய்தி ரீட்ஒன்லி என்ற சொல்லைச் சுட்டாது. அதற்கு அடுத்துள்ள வகைப் பெயரை, எடுத்துக்காட்டாக ஸ்ட்ரிங் என்ற சொல்லை, எதிர்பார்க்கவில்லை என்றும், அவ்விடத்தில் மாறியின் பெயர் இருந்திருக்க வேண்டும் என்றும் அது கூறும். பழைய பதிப்பு ரீட்ஒன்லியை ஏதோ ஒரு கிளாஸின் பெயராகக் கருதிவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே எழுத்துப் பிழையைத் தேடுவதற்கு முன் பதிப்பைச் சரிபாருங்கள். கட்டளை வரி காட்டும் பதிப்பும் இணையச் சர்வர் பயன்படுத்தும் பதிப்பும் வேறுபடுவது சாதாரணம் என்பதால், பிரவுசர் வழியாகவும் பதிப்பு எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

பதிப்பைச் சோதிக்கும் இஃப் நிபந்தனைக்குள் புதிய கிளாஸை எழுதிவிட்டால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள், அது பலிக்காது. ஒரு கோப்பின் முதல் வரி இயங்குவதற்கு முன்பே முழுக் கோப்பின் இலக்கணமும் சரிபார்க்கப்படுவதால், நிபந்தனை இயங்கும் வாய்ப்பே வராது. புதிய இலக்கணத்தில் ஒரு கோப்பு, பழைய இலக்கணத்தில் இன்னொரு கோப்பு எனப் பிரித்து வைத்து, நிபந்தனைக்கு ஏற்ப ஒன்றை மட்டும் இன்க்லூட் செய்ய வேண்டும். புதிய வசதிகளைப் பழைய பதிப்பில் ஈடுசெய்யும் பாலிஃபில் தொகுப்புகளும் இங்கே கைகொடுக்கா. விடுபட்ட ஃபங்ஷன்களையும் கிளாஸ்களையும் அவை தரமுடியுமே தவிர, மொழியின் இலக்கணத்தை மாற்ற முடியாது.

ரீட்ஒன்லிக்குப் பதிலாக, பண்பை பிரைவேட் ஆக்கி, கன்ஸ்ட்ரக்டரில் ஒருமுறை மதிப்பளித்து, வாசிக்க மட்டும் ஒரு கெட்டர் மெத்தட் எழுதலாம். ஆனால் இது முழு ஈடு அன்று: உண்மையான ரீட்ஒன்லி பண்பை அதே கிளாஸின் மெத்தட்கூட மறுபடி மாற்ற முடியாது, பிரைவேட் பண்பை மாற்றலாம். குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகையான ஈனமுக்கு (enum) மாற்றாக கிளாஸ் மாறிலிகள் உதவும். எனினும் ஒரு மெத்தட் எந்தச் சரத்தையும் ஏற்றுக்கொண்டுவிடும் என்பதால், மதிப்பைச் சோதிக்கும் வரிகளை நீங்களே சேர்க்க வேண்டும். கன்ஸ்ட்ரக்டரின் அளவுருக்களிலேயே பண்புகளை அறிவிக்கும் 8.0இன் கன்ஸ்ட்ரக்டர் பிரமோஷன் வெறும் எழுத்துச் சுருக்கமே, 7.4இல் விரித்து எழுதினால் வேலை முடிந்தது.

கோப்புகள் ஏராளமாக இருந்தால், ரெக்டர் கருவியின் பதிப்பிறக்க விதிகள் இம்மாற்றங்களில் பலவற்றைத் தானாகச் செய்யும். இருப்பினும், சர்வர் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்குமானால் பதிப்பை உயர்த்துவதே என் பரிந்துரை, 8.0க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 நவம்பரிலேயே நின்றுவிட்டன. உயர்த்த இயலாதபோது, தொகுப்புகளை நிறுவும் கருவியான கம்போசரின் அமைப்பில் உள்ள பிளாட்ஃபார்ம் பகுதியில் சர்வரின் பதிப்பைக் குறித்துவிட்டால், அதற்குப் பொருந்தாத தொகுப்புகள் உங்கள் கணினியில் இறங்கா. பதிவேற்றும் முன் அதே பழைய பதிப்பைக் கொண்டு ஒவ்வொரு கோப்பின் இலக்கணத்தையும் சரிபாருங்கள்.