மோட்டார்ஹோமுக்குப் பின்னால் ஜீப்: மாட்டும் வரிசை

வீடுபோல் வசதி உள்ள எங்கள் மோட்டார்ஹோம் வண்டிக்குப் பின்னால், இழுத்துப் போவதற்காக ஜீப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் நான் பதில் சொல்வதில்லை. திமிர் பிடித்தவள் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். ஒருமுறை பதில் சொன்னதற்குப் பலன் அனுபவித்தாகிவிட்டது. பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்தவர், "இது எவ்வளவு வெயிட்டும்மா இழுக்கும்?" என்று கேட்டார். நின்று விளக்கமாகச் சொன்னேன். திரும்பி வந்து, விட்ட இடம் எது என்று யோசிக்காமல் அடுத்த வேலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கை விடவில்லை. முக்கால்வாசிதான் ஏறியிருந்தது, அதனால் சக்கரம் உருண்டது. பத்து டன் மோட்டார்ஹோமுக்கு அந்த இழுவையெல்லாம் தெரியவே தெரியாது. நாலு கிலோமீட்டர் தாண்டிப் பின்கேமராவில் புகை. இறங்கிப் போனால் பின்சக்கரத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு சூடு. பிரேக் ஷூ கருகி மாவாகியிருந்தது.

எங்கள் வண்டியை ஓட்டுவது வீட்டுக்காரர். மாட்டுவதும் கழற்றுவதும் நான். அந்தப் புகைக்குப் பிறகு எங்கள் சட்டம் இதுதான்: வேலை பாதியில் நின்றால், முதல் வேலையிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

முதலில், எந்த வண்டியை நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகலாம் என்பது. ஃபோர் வீல் டிரைவ் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. ட்ரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் உண்டா என்று பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி அது. அதில் நியூட்ரல் போட்டால் சக்கரங்கள் ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஒரு பக்கம் என்று உறவே அறுந்துவிடும். சக்கரம் எவ்வளவு உருண்டாலும் கியர்பாக்ஸுக்குள் எதுவும் சுற்றாது. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை. அதன் ஆயில் பம்பை ஓட்டுவது இன்ஜின். இன்ஜின் அணைந்திருக்கும்போது உள்ளே எது சுற்றினாலும் எண்ணெய் இல்லாமல் சுற்றி வெந்துபோகும்.

நாலு சக்கரத்துக்கும் தானாகவே சக்தி போகும் ஆல் வீல் டிரைவ் கார்களில் பெரும்பாலானவற்றில் இந்த நியூட்ரல் கிடையாது. அவற்றை டிரெய்லரில் முழுசாக ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். முன்சக்கரம் இரண்டை மட்டும் தூக்கி வைக்கும் டாலியும் இவற்றுக்கு ஆகாது. ஒரே மாடலில்கூட வித்தியாசம் உண்டு: ஜீப் கிராண்ட் செரோக்கியில் குவாட்ரா ட்ராக் 2 என்ற நாலு சக்கர இயக்க அமைப்பு உள்ளதில் நியூட்ரல் பட்டன் இருக்கும், குவாட்ரா ட்ராக் 1 உள்ளதில் இருக்காது. விற்பவர் சொல்வதை நம்பாமல் கையேட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து நீங்களே படியுங்கள்.

அடுத்தது எடைக் கணக்கு. மோட்டார்ஹோமும் இழுக்கப்படும் வண்டியும் சேர்ந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஒரு மொத்த அனுமதி உண்டு. எங்களுடையது 11,793 கிலோ. தண்ணீர், டீசல், துணிமணி, ஆள் எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்தினால் மோட்டார்ஹோம் மட்டும் 9,600. மிச்சம் 2,190 சொச்சம். ஜீப் 2,000 கிலோ. மோட்டார்ஹோமின் பின்பக்க இணைப்பான ஹிட்ச்சின் தாங்குதிறன் 2,268 கிலோ. ஆக, ஜீப்புக்குள் மூட்டை முடிச்சு அதிகம் ஏற்ற இடமில்லை. ஹிட்ச், இரண்டு வண்டியையும் இணைக்கும் டோ பார், அதை மாட்ட ஜீப் பக்கம் பொருத்தும் பேஸ் பிளேட், இவற்றில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் உங்கள் எல்லை.

டோ பார் மட்டமாக நிற்க வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் உயரமானவை, பெரிய டயர் போட்டால் இன்னும் உயரும். இரண்டு முனைக்கும் மூன்று அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உயரத்தைச் சரிசெய்யும் அடாப்டர் போடுங்கள். சரிவாக நின்றால், பிரேக் போடும்போது ஒரு வண்டி மற்றதை மேலே தூக்கவோ கீழே அமுக்கவோ பார்க்கும்.

இனி மாட்டும் வரிசை. எங்களுடையது ஜீப் ராங்லர், ஆட்டோமேட்டிக். உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

சமதரையில், மோட்டார்ஹோமுக்கு நேர் பின்னால் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்துவேன். பிரேக்கை மிதித்தபடி கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, இன்ஜினை அணைத்து, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் லீவரை நியூட்ரலுக்கு இழுப்பேன். லீவர் போய் உட்காரும்போது உள்ளங்கையில் ஒரு 'டக்' வரும். வராவிட்டால் அரைகுறையாக நிற்கிறது என்று அர்த்தம். கண்ணால் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். இன்ஜினை மறுபடி கிளப்பி, ரிவர்ஸ் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஐந்து விநாடி காத்திருப்பேன். பிறகு டிரைவ், ஐந்து விநாடி. ஜீப் இம்மியும் நகரக் கூடாது. நகர்ந்தால் லீவர் உட்காரவில்லை.

இந்தப் பத்து விநாடியைத் தவிர்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. லீவர் நியூட்ரலில் நிற்காமல், மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் நிலையான ஃபோர் லோவில் விழுந்திருக்கிறது, மேனுவல் கியர்பாக்ஸ் முதல் கியரில் இருக்கிறது என்று வையுங்கள். பழைய ராங்லர் ரூபிகான் மாடலில் பல்சக்கர விகிதம் முதல் கியருக்கு 4.46, லோ ரேஞ்ச் 4, ஆக்ஸில் 4.10. பெருக்கினால் 73. சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 73 சுற்று சுற்ற வேண்டும். 33 அங்குல டயர் 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று போகும். இன்ஜினுக்குக் கிடைப்பது 36,000க்கு மேல். ஆறாயிரம் சுற்றுக்கே அலறும் இன்ஜின் அது. அந்த வேகம் வருவதற்கு வெகு முன்பே கிளட்ச் தட்டோ இன்ஜினோ சிதறியிருக்கும்.

சோதித்தானதும் இன்ஜினை அணைத்து, கியரை பார்க்கில் போடுவேன். மேனுவல் ராங்லரானால் ஏதாவது ஒரு கியரில் விட வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது பார்க் வண்டியைப் பிடிக்காது. சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் உறவு அறுந்துவிட்டதே, எதை வைத்துப் பிடிக்கும்? அதனால் இறங்குவதற்கு முன்பே ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்து, இறங்கியதும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பேன். சாவி, ஸ்டியரிங் பூட்டு விழாத நிலையிலேயே இருக்கட்டும். ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் வளைவில் முன்சக்கரம் திரும்பாமல் டயர் தேய்ந்தே தீரும்.

பிறகு டோ பாரின் இரண்டு கைகளையும் நீட்டி, ஜீப்போடு இணைக்கும் உலோக ஊசியான 'பின்' போட்டு, அது கழலாமல் க்ளிப் மாட்ட வேண்டும். பாதுகாப்புக் கேபிள் இரண்டையும் பாருக்குக் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காகப் போடுங்கள். பார் கழன்றால் தரையில் குத்தாமல் தொட்டிலில் விழுவதுபோல் கேபிள்மேல் விழும். வளைவில் திரும்ப அளவான தளர்ச்சி வேண்டும், ஆனால் சாலையில் உரசக் கூடாது. வண்டி பிரிந்துபோனால் ஜீப்பின் பிரேக்கைத் தானே இழுத்துவிடும் மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அதை டோ பாரில் மாட்டாதீர்கள், மோட்டார்ஹோமின் உடம்பில் மாட்டுங்கள். பாரோடு கழன்று போனால் அதனால் என்ன பயன்?

ஜீப்புக்குத் தனி பிரேக் அவசியம். இரண்டு டன் பின்னாலிருந்து நெட்டித் தள்ளும்போது மோட்டார்ஹோமின் பிரேக் மட்டும் போதாது. பல இடங்களில் சட்டமும் விடாது. நாங்கள் வைத்திருப்பது ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் உட்கார்ந்து பெடலை மிதிக்கும் பெட்டி. அதை வைப்பதற்கு முன், இன்ஜின் அணைந்த நிலையில் பெடலை நாலைந்து தடவை மிதித்து, அது கல்லாக இறுகும்வரை, பிரேக் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் மிதியிலேயே பிரேக் அளவுக்கு மீறிப் பிடிக்கும்.

விளக்கு வயர் செருகி, இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் எரிகிறதா என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம். மோட்டார்ஹோமின் மின்சாரம் ஜீப்பின் வயரிங்குக்குள் திரும்பிப் போகாமல் இருக்க டயோடு போட்டிருக்க வேண்டும். பிரேக் பெட்டியும் சாவி நிலையும் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிடும் என்பதால் ஒரு சார்ஜிங் வயரும் இழுத்துக்கொண்டோம்.

கடைசி வேலைதான் கட்டை எடுப்பதும் ஹேண்ட் பிரேக் விடுவதும். அதற்கப்புறம் வீட்டுக்காரர் மெதுவாகப் பத்து மீட்டர் நேராக நகர்த்துவார். டோ பாரின் கைகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும். நான் ஓரமாக நடந்தபடி நாலு சக்கரமும் உருள்கிறதா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டுத்தான், "போலாங்க" என்று சொல்வேன்.

ஓட்டும்போது ஒரே ஒரு விஷயம்: ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. ஜீப்பின் முன்சக்கரங்கள் தம் இஷ்டத்துக்குத் திரும்பி, ஒரு பக்கம் மடங்கி, டோ பாரை வளைத்துவிடும். தவறான சந்தில் நுழைந்துவிட்டால் வெட்கப்படாமல் ஜீப்பைக் கழற்றுங்கள். பின்னால் வரும் ஜீப்பின் டயரில் காற்று இறங்கினாலும் முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. டயர் அழுத்தம் காட்டும் கருவி வாங்குங்கள். ஜீப்பின் முன்பக்கம் கடகடவென்று ஆடுவது கேமராவில் தெரிந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம்கட்டி, ஸ்டியரிங் இணைப்புகளின் போல்ட்டைப் பாருங்கள்.

கழற்றுவதும் நேரான, சமமான இடத்தில்தான். வளைந்த நிலையில் அந்த 'பின்' இறுகி, சுத்தியலால் அடித்தாலும் வராது. முதலில் ஹேண்ட் பிரேக், கட்டை. அதற்குப் பிறகே 'பின்', கேபிள், வயர். பிரேக் பெட்டியை எடுத்து, ட்ரான்ஸ்ஃபர் கேஸை டூ வீல் டிரைவுக்குத் திருப்பி, பார்க் பிடிக்கிறது என்று உறுதியானதும் கட்டையை எடுப்பேன். க்ளிப்புகளைக் கையில் எண்ணிப் பார்ப்பேன். மொத்தம் நாலு. மூன்றுதான் இருந்தால், மீதி ஒன்று அங்கேயே புல்லுக்குள் கிடக்கும்.