முதல் காதல் நாவல்: சிங்கப்பூரில் எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

என் முதல் நாவலின் நாயகனுக்குக் கோயம்புத்தூரில் மூன்று நூற்பாலைகள் இருந்தன. நான் சிங்கப்பூரின் ஈசூனில் பிறந்து வளர்ந்தவள். கோயம்புத்தூரை ஒரே ஒரு முறை, உறவினர் கல்யாணத்துக்குப் போனபோது இரண்டு நாள் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு அத்தியாயம் எழுதியதும், காதல் நாவல் என்றால் ஒன்றுவிடாமல் படிக்கும் ஓர் அக்காவிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் லிட்டில் இந்தியாவில், நாங்கள் தேக்கா என்று சொல்லும் இடத்தில், சந்தித்தபோது சொன்னார்: "தங்கச்சி, இந்த மில்லுக்கார மாப்பிள்ளைய நான் நிறையப் பார்த்துட்டேன்மா. உங்க புளோக் கீழ ஒரு கோப்பிக்கடை இருக்குல்ல, அங்க வர்ற பையன் ஒருத்தனை எழுதேன்."

அந்தப் பன்னிரண்டு அத்தியாயத்தையும் எடுத்து வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். புத்தகம் கைக்கு வர மூன்று ஆண்டு ஆனது. அந்த மூன்று ஆண்டில் நானும் என்னோடு எழுத ஆரம்பித்த தோழிகளும் எங்கெங்கே தவறினோம் என்பதை இங்கே எழுதுகிறேன். இப்போது எழுதத் தொடங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் காலமாவது மிச்சமாகட்டும்.

ஊரைக் கடன் வாங்குவது

காதல் கதையில் வாசகர் தேடுவது ஒன்றுதான்: இந்த இருவரும் சேரவிடாமல் தடுப்பது எது? அந்தத் தடை வலுவாக இருந்தால் கதை தானாக ஓடும். தமிழ்நாட்டு நாவல்களில் படித்த தடைகளை, அதாவது அத்தை மகன் உரிமை, ஜமீன் பகை, ஊர்ப் பஞ்சாயத்து ஆகியவற்றை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து செங்காங்கில் இறக்குகிறோம். அவை இங்கே வேர் பிடிப்பதில்லை. ஆனால் இந்த ஊருக்கென்றே இருக்கும் தடைகளை யாரும் தொடுவதில்லை. எனக்கு இன்றும் வருத்தம் தருவது இதுதான்.

வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வசிப்பவர்களில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில்தான் இருக்கிறோம். கல்யாணம் ஆகாத ஜோடி, வருங்காலக் கணவன் மனைவி என்ற முறையில் பிடிஓ வீட்டுக்கு, அதாவது இனிமேல்தான் கட்டப்போகும் வீவக வீட்டுக்கு, விண்ணப்பிக்கலாம். சாவி வாங்கி மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். சாவி கிடைப்பதற்கோ மூன்று, நான்கு ஆண்டுகள்கூட ஆகலாம். இடையில் மனம் மாறினால்? குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு விலகினால் வீட்டு விலையில் 5 விழுக்காடு போய்விடும். காதல் முறிந்த இருவர், அந்தப் பணத்துக்காகவும் பெற்றோரிடம் சொல்லத் துணிவில்லாமலும் பொங்கோலில் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தைத் தனித்தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று வையுங்கள். இதற்கு மேல் ஒரு வில்லன் எதற்கு?

திடீர்த் தாலிக் காட்சி நம்மவர்கள் அதிகம் தடுக்கிவிழும் இடம். கோவிலில் கூட்டத்துக்கு நடுவே நாயகன் கோபத்தில் தாலியைக் கட்டிவிடுகிறான், அவள் அன்று முதல் அவன் மனைவி. சிங்கப்பூரில் இது செல்லாது. 1961ஆம் ஆண்டு செப்டம்பர் 15 முதல் நடப்பில் இருக்கும், திருமணம் பற்றிய சட்டமான மாதர் சாசனப்படி, திருமணப் பதிவகத்தில் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 21 நாள் காத்திருந்து, உரிமம் பெற்ற ஒருவர் முன்னிலையில் இருவரும் சம்மதம் சொன்னால்தான் கல்யாணம். முஸ்லிம் திருமணங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. அதனால்தான் நம் வீடுகளில் பதிவு ஒரு நாள், பெருமாள் கோவில் மண்டபத்தில் தாலி கட்டுவது இன்னொரு நாள் என்று நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில மாதங்கள் ஓடுவதும் உண்டு. சட்டப்படி கணவன் மனைவி, ஆனால் அம்மா கண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகாத பெண். அந்த இடைவெளியிலேயே ஒரு முழு நாவல் இருக்கிறது.

ஒப்பந்தக் கல்யாணமும் அப்படித்தான். "ஆறு மாதம் சேர்ந்து இருப்போம், அப்புறம் விவாகரத்து" என்று இருவரும் பேசிக்கொள்ளும் கதையை இங்கே வைத்தால் விவரம் தெரிந்த வாசகர் முதல் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். திருமணமாகி மூன்று ஆண்டு ஆகாமல் பொதுவாக விவாகரத்துக்கு மனுப் போட முடியாது. மிகக் கடுமையான துன்பம் போன்றவற்றுக்கு மட்டுமே விதிவிலக்கு. 2024 ஜூலை 1 முதல் இருவரும் ஒத்துக்கொண்டு பிரிய வழி வந்திருக்கிறது என்றாலும் அந்த மூன்று ஆண்டு நிபந்தனை அப்படியே இருக்கிறது. என் தோழி ஒருத்தி இதைத் தெரிந்துகொண்டதும் முதலில் சோர்ந்துபோனாள். பிறகு ஆறு மாதத்தை மூன்று ஆண்டாக மாற்றி எழுதினாள். கதை நன்றாக ஆழமானது, ஏனென்றால் மூன்று ஆண்டு ஒரே வீட்டில் ஒருவரோடு நடித்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: நுழைவு அனுமதிக்காகவோ நிரந்தரவாசத்துக்காகவோ போலிக் கல்யாணம் செய்வது இங்கே குற்றம். அதை எழுதுவதென்றால் அந்தப் பயத்தோடு சேர்த்தே எழுத வேண்டும்.

நாயகன் வேலை அனுமதிச் சீட்டில் வந்து கப்பல் பட்டறையில் உழைக்கும் இளைஞன், நாயகி இந்த ஊர்க் குடிமகள் என்றால், மனிதவள அமைச்சின் அனுமதி இல்லாமல் அவர்கள் திருமணம் செய்துகொள்ள முடியாது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் தயவுசெய்து அந்த இளைஞர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் புல்வெளியில் அமர்ந்து வீட்டுக்கு வீடியோ அழைப்பில் பேசுகிறவரைப் பார்த்துவிட்டுப் போவது மட்டும் போதாது. தேசிய சேவைக் காலத்தின் இரண்டு ஆண்டுகளும் எழுதப்படாமல்தான் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை முகாமை விட்டு வெளியே வருபவனுக்கும் அவனுக்காகக் காத்திருப்பவளுக்கும் கிடைப்பது அந்த வார இறுதி மட்டும்தான்.

பலவந்தத்தைக் காதலாக எழுதுவது

இணையத்தில் ஆன்ட்டி ஹீரோ கதைக்குக் கூட்டம் கூடுகிறது. கன்னத்தில் அறைவான், அறையில் பூட்டுவான், கடைசியில் அவனுக்கு ஒரு சோகமான பிள்ளைப்பருவம் இருந்தது என்று தெரியவரும், அவள் மன்னித்துவிடுவாள். படிப்பவர் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து முதல் நாவலிலேயே இதில் இறங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் சமரசம் கிடையாது. மனைவியை அவள் சம்மதமின்றி உறவுக்குக் கட்டாயப்படுத்தும் கணவனுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் முற்றிலுமாக எடுத்துவிட்டது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். நம் நாவல்களைப் பதினாறு வயதுப் பிள்ளைகளும் கைப்பேசியில் படிக்கிறார்கள். முரடனை எழுதலாம், கோபக்காரனை எழுதலாம். அவன் செய்தது தவறு என்று கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவளுக்கு எழுந்து போகும் வழி இருக்க வேண்டும்.

பேச்சு

ஈசூன் பையன் சென்னைத் தமிழ் பேசக்கூடாது. பாட்டி "பசியாறிட்டியா?" என்று கேட்கட்டும். நாயகன் தே தாரிக் சொல்லட்டும். ஆங்கிலமும் மலாயும் கலக்கும் இடத்தில் கலக்கட்டும், ஆனால் கதை சொல்லும் வரிகளில் தமிழைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் எது ஒட்டவில்லை என்று காதுக்கே தெரியும்.

முடிவில் கைவைப்பது

காதல் நாவல் வாசகர்களில் பலர் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்ப்பவர்கள். இருவரும் சேர்வார்கள் என்பது அவர்களுக்கு நாம் கொடுக்கும் வாக்கு. எப்படிச் சேர்வார்கள் என்பதற்காகத்தான் முந்நூறு பக்கம் படிக்கிறார்கள். இலக்கிய மதிப்புக் கிடைக்கும் என்று எண்ணிக் கடைசி அத்தியாயத்தில் நாயகியைச் சாகடிக்காதீர்கள். சோகக் கதை எழுத ஆசை என்றால் அதைச் சோகக் கதை என்றே சொல்லி எழுதலாம்.

அதேபோல, நாவலைச் சுருக்கித் தங்கமுனை விருதுக்கு அனுப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் போட்டி சிறுகதைக்கும் கவிதைக்கும் உரியது. நாவலின் ஒரு துண்டு சிறுகதை ஆகிவிடாது. கைப்பழக்கத்துக்குத் தனியாகச் சிறுகதை எழுதுங்கள். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் மாதாந்தரக் கதைக்களக் கூட்டம், அங் மோ கியோ நூலகத்தில் கூடும் வாசகர் வட்டம் போன்ற இடங்களில் முகத்துக்கு நேரே கருத்துக் கேட்கும் பழக்கம் வரும். முதல் முறை நெஞ்சு படபடக்கும். போகப்போகப் பழகிவிடும்.

முடிக்காமல் தொடராகப் போடுவது

இணையத்தில் முதல் எபி, அதாவது தொடரின் முதல் பகுதி, போட்ட அன்று இருபது பேர் "அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்று அடுத்த பகுதியைக் கேட்பார்கள். அந்த மகிழ்ச்சிக்கு ஈடே இல்லை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பத்தாவது எபியில் கதை எங்கே போகிறது என்று நமக்கே தெரியாது. கருத்துப் போடுகிறவர்கள் கேட்கும் திசைக்குத் திரும்புவோம், வேலை கூடினால் நின்றுவிடுவோம். குறைந்தது முக்கால்வாசியாவது எழுதிக் கையில் வைத்துக்கொண்டு முதல் எபியைப் போடுங்கள். தொடரைப் புத்தகமாக்கும்போது திரும்ப எழுத வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். ஒவ்வொரு எபி முடிவிலும் வைத்த திடுக்கிடல், புத்தகத்தில் தொடர்ந்து படிக்கும்போது அலுப்புத் தட்டும்.

புத்தகமாகும்போது

அமேசான் கிண்டிலில் மின்னூல் போடுகிறவர்கள் மின்னூலை அமேசானுக்கு மட்டுமே கொடுக்கும் கேடிபி செலக்ட் திட்டத்தில் டிக் செய்துவிடுகிறார்கள். சேர்ந்த நாளிலிருந்து 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. தொடராகப் போட்ட தளத்தில் கதை அப்படியே கிடந்தால் அது விதிமீறல். கணக்கையே முடக்கிவிட முடியும். முதலில் அங்கே எடுங்கள், மாதிரிக்குப் பத்து விழுக்காடு வரை மட்டும் விட்டுவையுங்கள், பிறகு சேருங்கள். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி உடன்பாடு இல்லாததால், அமெரிக்காவில் விற்கும் பிரதிகளின் உரிமைத்தொகையில் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அட்டையில் சினிமா நடிகரின் முகம், அத்தியாயத் தலைப்பில் சினிமாப் பாட்டு வரி. இரண்டும் நம் வட்டத்தில் சர்வசாதாரணம், இரண்டுக்கும் அனுமதி வேண்டும். காசு கொடுத்து ஓவியம் வரைந்து வாங்கினாலும், எழுத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை பதிப்புரிமை ஓவியருடையதே. 2021 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி அவர் பெயரையும் குறிப்பிட வேண்டும். உங்கள் நாவலுக்கும் இது பொருந்தும். எழுதி முடித்த கணமே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, எங்கும் பதியத் தேவையில்லை. அந்த உரிமையைத்தான் பலரும் தெரியாமல் கொடுத்துவிடுகிறோம். நான் முதலில் பேசிய பதிப்பாளர் எல்லாவற்றையும் வாய்வார்த்தையாகவே சொன்னார். எழுதித் தரும்படி கேட்டபோது வந்த தாளில் அச்சு, மின்னூல், ஒலிநூல், திரைக்கதை எல்லா உரிமையும் காலவரையின்றி அவருக்கு என்று இருந்தது. யூடியூபில் ஆடியோ நாவல் கேட்போர் இன்று எவ்வளவு பேர் என்று பாருங்கள். அந்த உரிமையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பதென்றால் எத்தனை ஆண்டுக்கு என்று எழுதி வாங்குங்கள்.

சென்னையில் அச்சடித்தால் செலவு குறைவு. அதற்காக, பிரதி கூடக்கூட விலை குறையும் என்று 500 பிரதி அச்சடிக்காதீர்கள். கப்பலில் வரும் பெட்டிக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. வந்த பிறகு நாலறை வீட்டில் அவற்றை எங்கே வைப்பது? என் தோழி வீட்டில் கட்டிலுக்கு அடியில் இன்னும் இருக்கின்றன. நூறு, நூற்றைம்பது போதும். தேசியக் கலைகள் மன்றத்தின் மானியம் வேண்டுமானால் அச்சுக்குப் போகும் முன்பே விண்ணப்பியுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பைச் சில இடங்களில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும். கடைசிப் பிடிஎஃப்பை வாங்கி ஒவ்வொரு பக்கமாக நீங்களே படியுங்கள், வேறு யாரையும் நம்பிவிட்டுவிடாதீர்கள்.

இங்கே வெளியிடும் புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் பெறலாம். வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு அச்சுப் பிரதிகளை வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். அது சட்டம், சொந்தமாகப் பதிப்பிக்கிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நான் இரண்டையும் வாரியத்துக்கு அனுப்பி வைத்துவிட்டு, மூன்றாவது பிரதியைத் தேக்காவில் அந்த அக்காவிடம் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் புரட்டினார், "சரி, சேர்ந்துட்டாங்க" என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.