மெட்டல் கிட்டாரும் 8-பிட் ஒலியும்: 16 பார்களில் ஒரு பயிற்சி

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹார்ஸ் தி பேண்ட் குழுவின் ‘தி மெக்கானிக்கல் ஹேண்ட்’ 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆல்பம். அதைக் கேட்பவருக்கு முதலில் எழும் வியப்பு, இத்தனை கனத்த கிட்டாருக்கும் அலறும் குரலுக்கும் நடுவே பழைய வீடியோ கேம் ஒலி எப்படி அமுங்காமல் நிற்கிறது என்பதுதான். ‘பர்டோ’ என்ற பாடலுக்கு, சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2 விளையாட்டில் முட்டைகளைத் துப்பும் எதிரியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இவ்வகை இசைக்கு நின்டெண்டோகோர் என்ற பெயரும் நிலைத்துவிட்டது. ஆனால் பெயரைவிட முக்கியமானது இசையின் அமைப்பு: எரிக் எங்ஸ்ட்ராமின் சின்தசைசர் மற்றக் கருவிகளின் மேல் தூவிய அலங்காரமாக இல்லாமல், டேவிட் ஐசனின் கிட்டாருக்குச் சமமாக நின்று ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டைச் சுமக்கிறது. புதிதாக முயல்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். முழு மெட்டல் பாடல் ஒன்றைப் பதிவு செய்து முடித்துவிட்டு, அதன் மேல் கேம் ஒலியைச் சேர்த்தால் அது எங்கும் ஒட்டாது. ஆகவே கீழே வரும் படிகள் சிப் ஒலிக்கு, அதாவது பழைய கேம் கருவியின் ஒலிக்கு இடம் ஒதுக்குவதிலிருந்தே தொடங்குகின்றன.

படி 1: தேவையான கருவிகள்

விண்டோஸ் கணினி, சுரங்களைக் கட்டங்களில் வரிவரியாக எழுதும் ஃபாமிடிராக்கர் என்ற இலவச டிராக்கர் மென்பொருள், ஒலிப்பதிவுக்கு ரீப்பர் போன்ற ஒரு மென்பொருள் (60 நாள்களுக்கு இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம்), எலெக்ட்ரிக் கிட்டார், அதைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஆகியவை போதும். ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டியதில்லை. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச பிளக்-இன் அந்த வேலையைச் செய்துவிடும். டிராக்கரின் கட்டங்களைப் பார்த்து மிரள்பவர்கள் எல்எம்எம்எஸ் மென்பொருளில் உள்ள நெஸ்கலைன் கருவியைக் கொண்டு தொடங்கலாம் என்றாலும், சிப்பின் இயல்பு விரலுக்குப் பழக வேண்டுமானால் டிராக்கரே சிறந்த ஆசிரியர் என்பது என் உறுதியான கருத்து.

படி 2: சிப்பின் ஐந்து குரல்களை அறிந்துகொள்ளுங்கள்

1983இல் ஜப்பானில் வெளியான ஃபாமிகாம் கருவிக்குள் இருந்தது ரிக்கோ நிறுவனம் தயாரித்த 2ஏ03 என்ற சிப். அதில் ஐந்து ஒலிச் சேனல்கள் மட்டுமே உண்டு: இரண்டு பல்ஸ் சேனல்கள், ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல் சேனல், சிறு ஒலித்துண்டுகளை ஒலிக்கும் ஒரு சேனல். கடைசியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பல்ஸ் அலையின் அகலத்தை 12.5, 25, 50, 75 சதவீதம் என நான்கு நிலைகளில் மட்டுமே வைக்க முடியும். இவற்றில் 25உம் 75உம் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். 50 சதவீத அலை குழல்போல உள்ளீடற்று ஒலிக்கும், 12.5 சதவீத அலை மெலிந்து, மூக்கால் பாடுவதுபோல் கூர்மையாக ஒலிக்கும். தனியாகக் கேட்டால் 50 சதவீதமே இனிமையானது, ஆனால் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) சேர்த்த கிட்டாரைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது அந்த 12.5 சதவீத அலைதான். முக்கோண அலைக்கு ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி கிடையாது. ஒன்று ஒலிக்கும், இல்லையேல் நின்றுவிடும்.

படி 3: வேகத்தையும் ரிஃப்பையும் முடிவு செய்யுங்கள்

ஃபாமிடிராக்கர் நொடிக்கு 60 முறை இயங்குகிறது; ஒவ்வொரு முறையும் ஒரு ஃபிரேம். டெம்போ 150, ஸ்பீடு 5 என்று அமைத்தால் ஒவ்வொரு வரியும் ஐந்து ஃபிரேம்கள் நீடிக்கும்; ஒரு தாளத் தட்டுக்கு நான்கு வரிகள் என்ற கணக்கில் நிமிடத்துக்கு 180 தட்டுகள் கிடைக்கும். ஹார்ட்கோர் என்னும் முரட்டு ராக் இசைக்கு ஏற்ற வேகம் இது. ரீப்பரிலும் அதே 180ஐ வைத்துவிடுங்கள்.

கிட்டாரை டிராப் சி முறையில் (தடித்த கம்பியை சி சுரம் வரை இறக்கும் முறை) சுருதி சேர்த்து, எட்டு பார்களுக்கு ஓர் எளிய ரிஃப் அமையுங்கள். ஒரு பார் என்பது நான்கு தட்டுகள். ஒவ்வொரு பாரிலும் கடைசித் தட்டில் உள்ளங்கையால் கம்பிகளை முழுவதும் அடக்கி நிறுத்திவிட வேண்டும். அந்த ஒரு தட்டு மௌனம்தான் சிப் பேசுவதற்கான இடம். இதை ரிஃப் எழுதும்போதே செய்யாவிட்டால், பிறகு ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை எத்தனை முறை நகர்த்தினாலும் பயன் இருக்காது.

படி 4: சிப் மெட்டை எழுதுங்கள்

இந்தப் பயிற்சியின் உயிர் இங்கே இருப்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மெட்டல் கிட்டாரில் பெரும்பாலும் சுருதியும் பஞ்சமமும் மட்டுமே சேர்ந்து ஒலிக்கும். அதற்குக் காரணம் உண்டு. டிஸ்டார்ஷன், இரண்டு சுரங்களின் அதிர்வெண் வேறுபாட்டையும் ஒரு புதிய ஒலியாக உண்டாக்கும். சுருதியும் பஞ்சமமும் 2:3 என்ற விகிதத்தில் இருப்பதால் அந்தப் புதிய ஒலி, சுருதிக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே விழுந்து கனத்தைக் கூட்டுகிறது. காந்தாரத்தைச் சேர்த்தாலோ ஒலி கலங்கிச் சேறாகிவிடும். அதனால் கிட்டார் தர முடியாத அந்தக் காந்தாரத்தைச் சிப் தரட்டும். ஃபாமிடிராக்கரின் எஃபெக்ட் பகுதியில் 037 என்று தட்டச்சு செய்தால், எழுதிய சுரம், அதற்கு மூன்று அரைச்சுரம் மேலே உள்ளது, ஏழு அரைச்சுரம் மேலே உள்ளது ஆகிய மூன்றும் ஃபிரேமுக்கு ஒன்றாக மாறி மாறி ஒலிக்கும். நொடிக்கு 20 முறை சுழலும் இந்த மைனர் கார்டுதான் நாம் கேம் ஒலி என்று உடனே அடையாளம் காணும் அந்தக் குமிழியிடும் சத்தம். 047 என்று மாற்றினால் அது மேஜர் கார்டாகும்.

முதல் பல்ஸ் சேனலில், கிட்டார் ரிஃப்பின் அதே தாளத்தை இரண்டு ஸ்தாயி மேலே எழுதுங்கள். அகலம் 12.5 சதவீதம் இருக்கட்டும். கிட்டார் நிற்கும் நான்காவது தட்டில் மட்டும், வரிக்கு ஒரு சுரமாக நான்கு சுரங்கள் மேலேறும் சிறு ஓட்டம் ஒன்றை வையுங்கள்.

இரண்டாவது பல்ஸ் சேனலில் புதிதாக எதையும் எழுத வேண்டாம். முதல் சேனலில் உள்ளதை அப்படியே நகலெடுத்து, மூன்று வரிகள் தள்ளி ஒட்டி, ஒலியளவை 5க்குக் குறையுங்கள். இந்த வேகத்தில் மூன்று வரி என்பது சரியாகக் கால் நொடி. எதிரொலிக் கருவி எதுவும் இல்லாத அந்த நாள்களில் கேம் இசையமைப்பாளர்கள் கையாண்ட எதிரொலி உத்தி இதுவே. இரண்டே சேனல்களில் அவர்கள் ஒரு மண்டபத்தை எழுப்பிக் காட்டியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடுகிறது.

ஒன்றை மட்டும் வலியுறுத்த வேண்டும். ஏதேனும் ஒரு விளையாட்டின் மெட்டை எடுத்து வைத்துவிடாதீர்கள். அது பிறருடைய உரிமை என்பதோடு, கேட்பவரின் மனம் உங்கள் பாடலை விட்டு அந்த விளையாட்டுக்குப் போய்விடும்.

படி 5: டிரம்ஸுடன் சிப்பைச் சேருங்கள்

டிரம்ஸை எந்த இலவச டிரம் பிளக்-இன்னிலும் அமைத்துக்கொள்ளலாம். ஸ்னேர் (சடசடவென ஒலிக்கும் டிரம்) விழும் ஒவ்வொரு இடத்திலும் இரைச்சல் சேனலில் ஒலியளவு 15இலிருந்து வேகமாக 0க்கு இறங்கும் ஒரு சிறு வெடிப்பை வையுங்கள். தோல்வாத்தியத்தின் அடியும் சிப்பின் இரைச்சலும் சேர்ந்து ஒரே கருவியாக ஒலிக்கும்போதுதான் இரண்டு உலகங்களும் இணைந்தன என்று சொல்ல முடியும். முக்கோண அலையில் ஒரு சுரத்தை எழுதி, கீழே சறுக்கும் 2 என்ற எஃபெக்டை வேகமாக வைத்தால் அருமையான டாம் (ஆழ்ந்து ஒலிக்கும் டிரம்) ஒலி கிடைக்கும்.

அடுத்த எட்டு பார்கள் பிரேக்டவுன், அதாவது தாளம் கனத்து மெதுவாகத் தோன்றும் பகுதி. டெம்போவை மாற்றாமல், ஸ்னேரை மூன்றாவது தட்டில் மட்டும் வைத்துத் தாளத்தைப் பாதியாக உணரச் செய்யுங்கள். கிட்டார் மிகத் தாழ்ந்த சுரம் தரும் தடித்த கம்பியில் விட்டுவிட்டு அடிக்கட்டும். ஒவ்வொரு இடைவெளியிலும் பல்ஸ் சேனல் பதில் சொல்லட்டும். குரல் சேர்ப்பதானால் இந்தப் பதில்களில் பாதியைக் குரலுக்கு விட்டுக்கொடுங்கள். அலறலின் கூர்மையும் பல்ஸ் அலையின் கூர்மையும் ஏறத்தாழ ஒரே அதிர்வெண் பகுதியில் மோதுவதால், இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் இரண்டுமே தெளிவிழக்கும்.

படி 6: பதிவும் கலவையும்

ஃபாமிடிராக்கரில் ஒலிக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது சேனல்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு சேனலையும் தனித்தனிக் கோப்பாக எடுத்து ரீப்பரில் அடுக்குங்கள். தொடக்கமும் முடிவும் பார் கோடுகளோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்து, ஒன்றை முழு இடதுக்கும் மற்றொன்றை முழு வலதுக்கும் அனுப்புங்கள். ஒரே பதிவை நகலெடுத்தால் அந்த விரிவு கிடைக்காது. சிப் முழுவதும் நடுவில் இருக்கட்டும், ஏனெனில் மூலக் கருவியே மோனோதான். பல்ஸ் அலை, மீட்டர் காட்டுவதைவிடக் காதுக்கு அதிகச் சத்தமாகக் கேட்கும். எனவே மீட்டரை நம்பாமல், கிட்டாரைவிட 10 டெசிபெல் குறைவாகத் தொடங்கி, சிப் மெட்டு தெளிவாகப் புரியும் இடம் வரை மட்டும் ஏற்றுங்கள். ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரசர் தேவையில்லை. ரிவெர்பும் வேண்டாம், இரண்டாவது சேனலின் எதிரொலியே போதும்.

பேஸ் கிட்டாரும் முக்கோண அலையும் ஒரே நேரத்தில் கீழ்ப்பகுதியை நிரப்பினால் குழப்பமே மிஞ்சும். ரிஃப் பகுதியில் பேஸ் கிட்டாரையும், பிரேக்டவுனின் இடைவெளிகளில் முக்கோண அலையையும் வைப்பது நல்ல பங்கீடு.

கடைசியாக, முடித்த கோப்பை ஹெட்ஃபோனிலும் கைபேசியின் சிறு ஸ்பீக்கரிலும் கேட்டுப் பாருங்கள். கைபேசியில் முக்கோண அலை மறைந்துபோனால், அதன் ஒலியளவைக் கூட்டாமல், டிராக்கருக்குத் திரும்பிச் சென்று அந்தச் சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே உயர்த்தி மீண்டும் ஏற்றுமதி செய்யுங்கள்.