லேசர் ஒளியிலிருந்து காமா கற்றை: சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்களுக்கு, நெருங்கி வரும் வண்டியின் ஹாரன் உச்ச சுருதியில் ஒலிப்பதும், வண்டி கடந்தவுடன் அந்தச் சுருதி தணிவதும் பழக்கமானவை. ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும் எலக்ட்ரானின் மேல் நேரெதிரே லேசரைப் பாய்ச்சினால் இந்த டாப்ளர் விளைவு இருமுறை நேர்கிறது. அதனால் சிதறிக் காமா கதிராக மாறும் ஒளித்துகளின் உச்ச ஆற்றல், லாரன்ஸ் காரணியின் (எலக்ட்ரானின் மொத்த ஆற்றலை அதன் நிறை ஆற்றலால் வகுத்தால் கிடைப்பது) வர்க்கத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு உயர்கிறது.

தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் என்னுடன் அமர்ந்து நிரல் எழுதும் முதுகலை மாணவர்கள் பெரும்பாலும் இந்தச் சூத்திரத்தோடு நின்றுவிடுகிறார்கள். 50 கோடி எலக்ட்ரான் வோல்ட் (துகள் ஆற்றலின் அலகு) ஆற்றலுள்ள எலக்ட்ரான் கற்றைக்கும் 1064 நானோமீட்டர் லேசருக்கும் அது 44.6 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் என்று விடை தருகிறது. எலக்ட்ரான் பின்னுதைக்கப்படுவதைச் சேர்த்தால் 44.2 லட்சம். அற்ப வேறுபாடுதான். ஆனால் ஜப்பானின் ஸ்பிரிங்-8 என்ற எலக்ட்ரான் சேமிப்பு வளையத்தில் ஓடும் 800 கோடி எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்களுக்கும் 351 நானோமீட்டர் லேசருக்கும் அதே நிரலை ஓட்டினால், உண்மையில் 240 கோடியாக இருக்க வேண்டியது 346 கோடியாக வந்து நிற்கும்.

இதைவிட ஏமாற்றக்கூடியது, எலக்ட்ரான்கள் அனைத்தும் இணைகோடுகளாகச் செல்வதாகக் கொள்வது. முதல் எடுத்துக்காட்டில் 10 மீட்டர் தொலைவில் 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையை வைத்தால், கோணத்தால் ஆற்றல் குறைவது அதன் விளிம்பில் சுமார் 1 விழுக்காடே. திரையில் ஊசிமுனை போன்ற நிறமாலை கிடைக்கும். கற்றைக்கு 0.2 மில்லிரேடியன் கோணச் சிதறலைக் கொடுத்துப் பாருங்கள்: துளை எவ்வளவு சிறியதானாலும் நிறமாலை சில விழுக்காடு அகன்று, குறைந்த ஆற்றல் பக்கமாக வால் நீளும். அந்த வால் நிரலின் பிழையன்று. அதைக் காட்டாத சிமுலேஷனைத்தான் நான் சந்தேகிப்பேன். எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவலும் காமா கற்றையில் இருமடங்காகத் தெரியும்.

ஜியான்ட்4 மென்பொருளிலேயே லேசரை எலக்ட்ரான் கற்றையோடு மோதவிட முயல்வதும் வீண்வேலை. அது துகள்கள் பொருளுக்குள் செல்வதைக் கணிப்பது. மோதலை கெயின் போன்ற நிரலில் கணித்து, பிறந்த காமா துகள்களை மட்டும் ஜியான்ட்4-இடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒற்றைத் துல்லிய எண்களை (ஏறத்தாழ ஏழு இலக்கம் வரை மட்டுமே காப்பவை) கையாளும் பழைய நிரல்களில் இன்னொரு பொறி உண்டு. ஸ்பிரிங்-8 எலக்ட்ரானின் வேகம் ஒளிவேகத்தைவிடக் குறைவது ஏறத்தாழ 50 கோடியில் ஒரு பங்கு; அத்துல்லியத்தில் ஒளிவேகத்தோடு அதன் வேகத்துக்குள்ள விகிதம் சரியாக 1 என்றே பதிவாகி, அதிலிருந்து கணக்கிடும் லாரன்ஸ் காரணி முடிவிலியாகிவிடும். ஆகவே வேகத்திலிருந்து காரணியைக் கணிக்காமல், ஆற்றலை நிறை ஆற்றலால் நேரடியாக வகுத்துப் பெறுங்கள்.