காற்று 28, டேப் 57

லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியின் முட்டைகளுக்கு என் இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் பெட்டி) ஒரு பழைய தெர்மாகோல் பெட்டிதான். உள்ளே ஹீட் டேப் (மின்சாரத்தில் சூடாகும் பட்டை), சென்சார் வைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். டொராண்டோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் இருக்கிறது. திரையில் உள்காற்று 28 டிகிரி என்று தெரியும், நானும் நிம்மதியாகத் தூங்குவேன். ஒரு பிப்ரவரியில் சும்மா சென்சாரை டேப் மேலேயே ஒட்டிப் பார்த்தேன்: 57! குளிரை ஈடுகட்ட அது ஓயாமல் எரிந்திருக்கிறது. டேப்பை ஒட்டியிருந்த டப்பாவில் இரண்டு முட்டையும் மஞ்சளாகி, கட்டைவிரலால் அமுக்கியதுபோல் குழிந்து கிடந்தன.

இப்போது டேப்பை 45க்கு மேல் விடுவதில்லை. இது என் கணக்கு, சாஸ்திரமில்லை. முட்டைக்கு வேண்டியது 26 முதல் 32 வரைதான் (26இல் பெரும்பாலும் பெண், 32ஐ ஒட்டினால் பெரும்பாலும் ஆண்). 45 போதவில்லையா? சூட்டை ஏற்றாதீர்கள், டேப்பின் நீளத்தைக் கூட்டுங்கள். ஆனால் ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட்டில் இது பாதிதான் பலிக்கும். அது எரியும்போது முழு வேகத்தில்தான் எரியும். மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை வாங்குங்கள். காலியிடத்தில் தண்ணீர் பாட்டில்கள் வைத்தால் சூடு ஆடாது.

டேப்பை மடிக்கவோ துணி போட்டு மூடவோ கூடாது. சூடு வெளியேற வழியில்லாத இடம் மட்டும் தனியாகக் கொதிக்கும், சென்சாருக்குத் தெரியாது. டப்பாக்களைக் கம்பித்தட்டில், டேப்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி வையுங்கள்.

டேப்பின் சூட்டை அளக்க, தொடாமலே அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி போதும். அலுமினிய டேப் ஒட்டிய இடத்தில் மட்டும் அது குறைத்துச் சொல்லும். அங்கே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் குறிவையுங்கள்.

தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் சில சமயம் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் தெர்மோஸ்டாட்டின் பிளக்கை இரண்டாவதில் செருகி, இரண்டாவதின் சென்சாரை டேப் மேல் ஒட்டி, 48இல் வெட்டும்படி வைத்திருக்கிறேன். "இத்தனை ஒயரா?" என்று என் மனைவி தலையிலடித்துக்கொள்வாள்.

முட்டை வைக்குமுன் ஒரு வாரம் காலியாக ஓட்டுங்கள். கடைசி நாள், முதல் தெர்மோஸ்டாட்டின் சென்சாரைப் பெட்டிக்கு வெளியே இழுத்துப் போடுங்கள். குளிர்கிறதென்று நினைத்து அது டேப்பை எரித்துத் தள்ளும். பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். 48இல் இரண்டாவது 'டக்'கென்று அணைத்தால்தான் முட்டையை உள்ளே வைப்பேன்.