பொதிகை மலையைத் தப்புக்கணக்குப் போடாதீர்கள்

"1,868 மீட்டர்தானே, ஊட்டியைவிடக் குறைச்சல்தானே" என்று பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடத்துக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. முதல் தப்பு அங்கேயே தொடங்குகிறது. ஊட்டி ஒரு பீடபூமி. பஸ் ஊர் நடுவிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். இதுவோ காட்டுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் பாறைக் கூம்பு. கேரளப் பக்கத்துப் போணக்காட்டோடு ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து அதிருமலை முகாமுக்கே ஒரு பகல் நடை. உச்சி மறுநாள்தான்.

தாமிரபரணி பாபநாசத்தில் இறங்குவதால் அந்த வழியாகவே ஏறிவிடலாம் என்று நினைப்பதும் வழக்கம். முடியாது. தமிழ்நாட்டுப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். உச்சி கேரளத்தின் நெய்யாறு சரணாலயத்தில் இருக்கிறது. அனுமதி கேரள வனத்துறையிடம்தான் வாங்க வேண்டும். பெரும்பாலும் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிவரை விடுவார்கள்.

எல்லாரும் சறுக்குவது மழை விஷயத்தில். மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை, கிழக்குச் சரிவு மழைமறைவு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கிறோம். அம்பாசமுத்திரத்து வயல்வெளிக்கு அது ஓரளவு சரி. ஆனால் அதே கிழக்குச் சரிவில், மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து என்ற தேயிலை மேடுகள் பக்கம் போனால் கதை வேறு. வங்கக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தச் சரிவில் முட்டி மேலேறிக் குளிர்வதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே கொட்டித் தீர்க்கும். அதே மேடுகள் ஜூன், ஜூலையிலும் நனைகின்றன. கீழே சாரல் என்று நாம் கொண்டாடுவது அந்த மழையின் தூவானம்தான். ஆகவே 'மழைக்காலம் முடிந்தது' என்று ஒரு பக்கத்துக் காலண்டரைப் பார்த்துச் சொல்வது இந்த மலையில் செல்லாது.

இதிலிருந்தே இன்னொரு தப்பும் கிளைக்கிறது. தாமிரபரணி பிறக்கும் இடமாகச் சொல்லப்படும் பூங்குளம் சுனை வற்றாது, அதனால்தான் ஆறும் வற்றாது என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஒரு சுனையை நம்பி அவ்வளவு பெரிய ஆறு ஓடுமா? இரண்டு பருவமழையையும் வாங்கி, காட்டு மண்ணிலும் இலைச்சருகிலும் தேக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிற மொத்த மலையும்தான் அந்தச் சுனை.

சரி, பிப்ரவரியில் போகிறீர்கள் என்று வையுங்கள். பை நிறையக் கம்பளி ஆடைதான் எடுப்பீர்கள். வழியில் வாட்டப்போவது வெயில். அடர்காட்டைத் தாண்டினால் நிழலே இல்லாத புல்மேடு. அப்புறம் முட்டிடிச்சான் தேரி என்ற செங்குத்து ஏற்றம். பேரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, ஏறும்போது முட்டி நெஞ்சில் இடிக்கும். ஓடை கண்ட இடத்தில் பாட்டிலை நிரப்பாதவர்கள் இங்கேதான் விழிப்பார்கள். குளிர் அதிருமலையில் ராத்திரி வரும். வெப்பமானியில் பெரிதாகத் தெரியாது. 1,000 மீட்டருக்கு ஆறேழு டிகிரி என்ற கணக்கில்தான் குறையும். காற்று சேரும்போதுதான் நடுக்கம்.

அந்தக் காற்று என்ன செய்கிறது என்பதை மேலே உள்ள மரங்களைப் பார்த்தால் தெரியும். கீழே அண்ணாந்து பார்த்த மரங்களெல்லாம் உச்சியை நெருங்க நெருங்க ஆள் உயரத்துக்குக் குறுகி, முறுக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் பாசியோடு நிற்கும். 1850-களில் திருவிதாங்கூர் அரசின் வானியலாளர் ஜான் ஆலன் பிரௌன் இந்த மலைமேல் ஆய்வுக்கூடம் கட்டி, காந்த ஊசியின் அசைவைக் குறிக்க வைத்தார். அங்கே உட்கார்ந்து கணக்கெழுதியவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

கடைசித் தப்பு, காலையில் வானம் தெளிவாக இருக்கிறதென்று மெதுவாகக் கிளம்புவது. பகல் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரம் மேலே வந்து மூடிக்கொள்ளும். உச்சிக்கு முன்னால் கயிற்றைப் பிடித்து ஏறுகிற வழுவழுப்பான பாறை இருக்கிறது. ஏறும்போது அது காய்ந்திருக்கும். இறங்கும்போது மூடுபனி பட்டு நனைந்திருந்தால், கயிறும் கையில் வழுக்கும்.